மே மாதத்தில் ஆறு தரம் தியேட்டருக்குப் போனேன்: எந்தப் படம் முதல், ஏன்

கொழும்பில் வேலை பார்க்கும் எங்கள் ஊர், திருகோணமலைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணா, 2025 மே மாதம் ஆறு தரம் தியேட்டருக்குப் போனீங்களாம். பார்த்த படங்களை வரிசைப்படுத்திச் சொல்லுங்கோ. டூரிஸ்ட் ஃபேமிலிக்குத்தான் முதலிடம் கொடுத்திருப்பீங்கள். அது நல்ல படம் என்றதாலயா, எங்கட ஆக்களின்ட கதை என்றதாலயா?”

கடைசி வரி என்னை மூன்று நாள் யோசிக்கவைத்தது. நியாயமான சந்தேகம். சொந்த ஊர்க் கோயில் திருவிழாவை வேறு ஊர்த் திருவிழாவோடு ஒப்பிடச் சொன்னால் எவருக்கும் கை ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். அதனால் வரிசையை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், எப்படி அந்த வரிசைக்கு வந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலிடம், இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்று சென்னைக்குப் போகும் கதையான டூரிஸ்ட் ஃபேமிலி. இரண்டாவது மோகன்லால் நடித்த தொடரும். மூன்றாவது மாமன். நான்காவது ரெட்ரோ. ஐந்தாவது டிடி நெக்ஸ்ட் லெவல். படம் ஐந்து, போனது ஆறு தரம்; முதலாவதை அம்மாவோடு இன்னொரு தரம் பார்த்தேன். முதல் இரண்டு படங்களுக்கும் நடுவில் உள்ள தூரம் மிகவும் குறைவு. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில்தான் பெரிய பள்ளம். வெறும் எண்களைப் பார்த்தால் இது தெரியாது.

நான் நட்சத்திரமோ மார்க்கோ போடுவதில்லை. இளவயதில் பத்து வருடம் ஒரு தியேட்டரில் ஒப்பரேட்டராக இருந்தேன். 2,000 அடிச் சுருள் ஒன்று கிட்டத்தட்ட இருபத்திரண்டு நிமிடம் ஓடும். அடுத்த சுருளை மாற்றும் வரைக்கும் சின்னக் கண்ணாடித் துவாரத்தால் படத்தைப் பார்ப்பேன், அதைவிட அதிகமாகச் சனத்தைப் பார்ப்பேன். ஒரே படத்தை நாற்பது தரம் ஓட்டினால் ஒன்று விளங்கும். முதல் நாள் விசில் பறந்த இடங்கள் பத்தாவது நாளில் வெறும் சத்தமாகிவிடும். சில இடங்கள் மட்டும் நாற்பதாவது தரமும் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்க்கவைக்கும். அந்த இடங்கள் பெரும்பாலும் விசில் பறக்காத இடங்கள்.

அந்தப் பழக்கத்தில் வந்ததுதான் என் கணக்கு. வீட்டுக்கு வந்ததும் கொப்பியில் நடந்ததை மட்டும் எழுதுவேன்: எந்த ஷோ, எங்கே இருந்தேன், சத்தம் எப்படி, சனம் எப்படி. படத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதமாட்டேன். பத்து நாள் போன பிறகு கொப்பியைத் திறந்து, மனதில் இன்னும் எந்தக் காட்சி நிற்கிறது என்று எழுதுவேன். வரிசை அதற்குப் பிறகுதான். படம் முடிந்து வெளியே வரும்போது நமக்குப் பசி, வியர்வை, பக்கத்தில் இருந்தவரின் சிரிப்பு எல்லாம் சேர்ந்து ஒரு தீர்ப்பைக் கையில் தந்துவிடும். அதை அன்றிரவே எழுதினால் நாம் எழுதுவது படத்தைப் பற்றி அல்ல, அந்த மாலையைப் பற்றி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துப் படங்களை அந்த மாதமே வரிசைப்படுத்தலாம் என்பது எங்கள் ஊரில் புதிய வசதி. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் கைக்குள் எடுத்த பிறகு, இந்தியப் படங்கள் இங்கே வருவதற்கு மாதங்களும் வருடங்களும் ஆகும். அதற்குள் பாட்டுகள் வானொலியில் தேய்ந்துபோயிருக்கும், கதை பாதி காதுக்கு வந்திருக்கும். பிறகு யுத்தம், ஊரடங்கு, இருட்டுவதற்கு முன் வீடு சேர வேண்டிய காலம். இரவுக் காட்சி என்ற ஒன்றையே மறந்திருந்தோம். இப்போது சென்னையில் வெளியாகும் அன்றே இங்கேயும் சில படங்களைப் பார்த்துவிடலாம். பழக்கத்தில் இதன் அருமை தெரிவதில்லை. எனக்கு இன்னும் தெரிகிறது.

சரி, மே 1க்கு வருகிறேன். மே தின விடுமுறை, நல்ல வெயில், தென்மேற்கில் இருந்து வரும் கச்சான் காற்று தொடங்கியிருந்தது. அன்றே ரெட்ரோவும் டூரிஸ்ட் ஃபேமிலியும் வெளியாயின. பொடியன்கள் எல்லாரும் சூர்யா பக்கம். நானும் போனேன், கார்த்திக் சுப்புராஜ் என்ற பெயருக்காக. ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்த மாதத்தின் ஆகச் சிறந்த மாலை அதுதான். ஓடிசி, பால்கனி என்று எல்லா வகுப்பு இருக்கைகளும் நிரம்பி, கல்யாண வீட்டில் ‘கனிமா’ பாட்டு வந்தபோது முன் வரிசையில் இருந்தவர்கள் எழும்பி ஆடினார்கள். பதினைந்து நிமிடத்துக்குக் கிட்ட ஒரே ஷாட்டில் அந்தக் கல்யாண வீட்டுக்குள் கேமரா நுழைந்து, ஆட்டத்துக்குள் புகுந்து, சண்டையாக மாறி வெளியே வருகிறது. ஒளிப்பதிவாளர் ஸ்ரேயாஸ் கிருஷ்ணாவும் சந்தோஷ் நாராயணனும் சேர்ந்து செய்த வேலை. ஒரே ஷாட் எடுப்பதில் கஷ்டம் கேமராவைச் சுமப்பது மட்டும் அல்ல. ஐம்பது அறுபது பேர் தங்கள் தங்கள் இடத்துக்கு வரும் நேரம் ஒரு நொடி பிசகினாலும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். அதைச் செய்து காட்டியவர்களுக்கு என் வணக்கம்.

பத்து நாள் கழித்துக் கொப்பியில் எழுத உட்கார்ந்தால் அந்தக் கல்யாண வீடு மட்டும்தான் நின்றது. மிச்சம் இரண்டு மணி நேரத்துக்கு மேலான படம் எங்கே போனது? காதல், சிரிப்பு, யுத்தம் என்று மூன்றாகப் பிரித்த கதை. சிரிக்கவே தெரியாத ஒருவன் சிரிக்கக் கற்றுக்கொள்வது நல்ல வித்து. ஜோஜு ஜோர்ஜின் வளர்ப்புத் தந்தை பாத்திரமும் நல்ல வித்து. ஆனால் படம் அந்தமானுக்குப் போனதும் தீவு, அடிமைகள், சண்டைப் போட்டிகள், பழைய வம்சம் என்று ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போகிறது. அந்தத் தீவில் அடிபடும் மனிதர்களில் ஒருவருடைய பெயரோ வீடோ எனக்கு நினைவில்லை. அவர்கள் நாயகன் மீட்பதற்காக வைக்கப்பட்டவர்கள். ஒடுக்கப்பட்ட சனத்தின் கதை என்று சொல்லிக்கொண்டு அந்தச் சனத்தைப் பெயரில்லாத கூட்டமாக நிறுத்துவது எனக்கு உறுத்தியது. எங்கள் ஊரில் இருந்து பார்க்கிற ஒருவருக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும்.

இங்கே நான் தியேட்டரின் கணக்கையும் பார்க்க வேண்டியிருந்தது. நான் பார்த்த இடத்தில் வசனம் பாதி விளங்கவில்லை. தியேட்டர் ஒலி அமைப்பில் சத்தத்தை ஏற்றி இறக்கும் குமிழ் ஒன்று இருக்கும். அதில் 7 என்ற அளவுதான் கணக்கு; ஒலிக்கலவை செய்கிறவர் தன் அறையில் அந்த அளவில் வைத்துத்தான், 85 டெசிபெல் என்ற தரத்துக்கு, எல்லாவற்றையும் சமன் செய்கிறார். இன்றைய படங்களில் சண்டையும் இசையும் மிகவும் உரக்க இருப்பதால் சனம் முறையிடும். தியேட்டர்காரர் 5க்கோ அதற்கும் கீழேயோ இறக்கிவிடுவார். சண்டை தாங்கக்கூடியதாகிவிடும், ஆனால் அதோடு வசனமும் இறங்கிப் போகும். தியேட்டர்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. உரக்கக் கலப்பவர்களில் இருந்துதான் இந்தச் சங்கிலி தொடங்குகிறது. படத்தைப் பிழையாக எடைபோட்டுவிடக் கூடாது என்று, மே கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது காதில் ஹெட்ஃபோன் போட்டு இரண்டாம் பாதியைத் திரும்பப் பார்த்தேன். வசனம் எல்லாம் விளங்கியது. வரிசை மாறவில்லை.

டிடி நெக்ஸ்ட் லெவலுக்கு நிறைய இடம் கொடுக்கப் போவதில்லை. ஆனால் அதன் மூலக் கரு அருமையானது, அதனால்தான் ஏமாற்றம். படங்களைக் கிழித்து விமர்சனம் செய்கிறவர்களை, செத்துப்போன ஒரு டைரக்டரின் ஆவி தன் படத்துக்குள்ளேயே இழுத்துப் போட்டுக் கொல்கிறது. விமர்சகனாகச் சந்தானம், ஆவியாகச் செல்வராகவன். கேட்டவுடனே நிமிர்ந்து உட்காரவைக்கும் கதை. படத்துக்குள் மாட்டிக்கொண்டவன் படத்தின் விதிகளைக் கண்டுபிடித்துத்தான் வெளியே வர வேண்டும் என்னும்போது எத்தனை விளையாட்டு விளையாடியிருக்கலாம்! கௌதம் மேனன் தன்னுடைய பழைய பொலிஸ் பாணியைத் தானே கிண்டல் செய்கிற இடங்களில் தியேட்டர் சிரித்தது, நானும் சிரித்தேன். மற்றபடி கப்பலிலும் தீவிலும் ஓட்டம், கத்தல், ஓட்டம். சந்தானத்தின் பாத்திரம் எதற்காக விமர்சகன் ஆனான், படம் பார்ப்பதில் அவனுக்கு ஒரு காலத்தில் என்ன பிரியம் இருந்தது என்று ஒரு காட்சியாவது வைத்திருந்தால் எனக்கு அவனோடு கூடப் போக ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

மாமனுக்கு என் தங்கச்சியோடும் அவளுடைய மகனோடும் போனேன். மருமகனுக்கு எட்டு வயது. படம் தாய்மாமன் உறவைப் பற்றியது. அக்காவின் பிள்ளையைத் தன் உயிராக நினைக்கிற ஒருவன் கல்யாணம் கட்டுகிறான். வந்த பெண்ணுக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறான். கதை சூரியுடையது, இயக்கம் பிரசாந்த் பாண்டிராஜ். எங்கள் பக்கத்தில் காது குத்து முதல் கல்யாணம் வரை மாமன் முன்னால் நிற்காமல் ஒரு காரியம் நடக்காது. அதனால் படம் எதைத் தொடுகிறது என்று எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பிள்ளை மாமனின் கட்டிலை விட்டுப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிற காட்சிகளில் தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் மருமகனும் மூன்று வயது வரை அப்படித்தான்.

ஐஸ்வர்யா லெக்ஷ்மியின் பாத்திரத்தைப் படம் வில்லியாக்கவில்லை, அது முக்கியம். புதிதாகக் கல்யாணமான பெண் தன் கணவனோடு ஒரு இரவு தனியாக இருக்க விரும்புவதில் என்ன பிழை? அவளுடைய கோபத்துக்கு முழு நியாயத்தையும் படம் கொடுக்கிறது. அக்காவாக வரும் சுவாசிகாவும் அப்படித்தான், தன் பிள்ளை தன்னைவிட மாமனிடம் ஒட்டுகிறதே என்ற சின்னப் பொறாமையையும் மறைக்காமல் காட்டுகிறார். ராஜ்கிரணும் விஜி சந்திரசேகரும் வயதான தம்பதியாக வரும் பகுதி தனிச் சிறுகதை மாதிரி நன்றாக இருக்கிறது.

பிறகு ஏன் மூன்றாவது? நம்மை அது நம்பவில்லை. ஒரு தரம் அழவைத்த இடத்தில் நாலு தரம் அழவைக்கிறது. ஒருவர் கண்ணில் நீர் வந்தால் போதும் என்ற இடத்தில் குடும்பம் முழுவதும் அழுகிறது, வயலினும் சேர்ந்து அழுகிறது. என் அம்மம்மா செத்த வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது நடுவில் நிறுத்தி, வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, வந்தவரிடம் “எப்ப வந்தனி?” என்று விசாரித்துவிட்டுத் தொடர்வா. அந்த இடைவெளியில்தான் எங்களுக்குத் தொண்டை அடைக்கும். இந்தப் படத்தில் அந்த வெற்றிலை நேரம் இல்லை. அது மட்டும் இருந்திருந்தால் முதல் இரண்டு படங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கும்.

தொடரும் படத்தை வெசாக் பண்டிகை முடிந்த கிழமை கொழும்பில் பார்த்தேன். ஒரு அலுவலாக இரவு ரயிலில் போனேன், அலுவல் மத்தியானத்தோடு முடிந்தது. தெருவோரங்களில் வெளிச்சக்கூடுகள் இன்னும் இறக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தன. மலையாளத்திலேயே, ஆங்கில எழுத்துகளோடு பார்த்தேன். தருண் மூர்த்தியின் மூன்றாவது படம். மோகன்லால் இதில் சண்முகம் என்ற டாக்சிக்காரர், ஊர் அவரை பென்ஸ் என்று கூப்பிடுகிறது, ஆனால் அவர் ஓட்டுவது ஒரு கறுப்பு அம்பாசிடர். அந்தக் கார் பொலிஸின் கையில் சிக்குகிறது. அதை மீட்கப் போகிறவர் அந்த இரவில் எதற்குள் இழுபடுகிறார் என்பதுதான் கதை. அதற்கு மேல் சொன்னால் உங்களுக்குச் செய்யும் துரோகம்.

அம்பாசிடர் என்பது பிரித்தானிய மொரிஸ் ஒக்ஸ்போர்டின் பிள்ளை. இந்தியாவில் 1957 முதல் 2014 வரை அதை உருவாக்கிக்கொண்டே இருந்தார்கள். ஒக்ஸ்போர்டும் மைனரும் சோமர்செட்டும் எங்கள் ஊர்களில் வாடகைக்கு ஓடிய காலம் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர் அதன் கதவை எப்படிச் சாத்துவார் என்று ஒன்று உண்டு. பட்டென்று அடிக்கமாட்டார், உள்ளங்கையால் மெல்ல அழுத்தி விடுவார். மோகன்லால் அப்படித்தான் சாத்துகிறார். படத்தின் முதல் ஒரு மணி நேரம் இப்படியே போகிறது: கார், வீடு, மனைவியோடு சீண்டல், பிள்ளைகளோடு முறுகல். சிலர் இழுவை என்றார்கள். எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் படம். அந்த வீட்டை நாங்கள் அறிந்திராவிட்டால் பிறகு அதற்கு நடப்பது எங்களைத் தொடாது. பல வருடங்களுக்குப் பிறகு மோகன்லாலோடு ஷோபனா சேர்ந்து நடிக்கிறார். இரண்டு பேரும் பழைய நினைவை விற்காமல், கல்யாணம் கட்டி இருபது வருடத்துக்கு மேலான இரண்டு பேராக மட்டும் இருக்கிறார்கள்.

பொலிஸ் அதிகாரியாக வரும் பிரகாஷ் வர்மா விளம்பரப் பட டைரக்டர். தொலைபேசிக் கம்பனிக்காக ஒரு சிறுவனின் பின்னால் நாய்க்குட்டி ஓடுமே, அந்த விளம்பரத்தை எடுத்தவர். நடிப்புக்குப் புதியவர். சிரித்துக்கொண்டே “ஹலோ” என்று சொல்வார், முதுகு சில்லிடும். அதிகாரத்தில் இருக்கிற ஒருவர் மரியாதையாகப் பேசும்போது வரும் பயம் எப்படிப்பட்டது என்று சோதனைச் சாவடிகளில் நின்ற எங்களுக்குத் தெரியும். கடைசி அரை மணி நேரத்தில் படம் நாயகனைச் சாதாரண மனிதன் என்ற இடத்தில் இருந்து தூக்கிப் பெரிய நட்சத்திரமாக நிறுத்துகிறது, அடிதடி நீள்கிறது. அந்த ஒரு காரணத்தால்தான் இது இரண்டாவது. வேறு எந்தக் குறையும் எனக்குச் சொல்ல இல்லை.

இனி டூரிஸ்ட் ஃபேமிலி.

மே முதல் வாரம், உள்ளூராட்சித் தேர்தல் வேலைகளில் ஊர் மும்முரமாக இருந்த நேரம். தியேட்டரில் பாதிகூட இல்லை. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம். சசிகுமார், சிம்ரன், இரண்டு மகன்கள்: பொருளாதார நெருக்கடி தாங்காமல் கடல் கடந்து ராமேஸ்வரத்தில் இறங்கி, சென்னையில் ஒரு குடியிருப்பில் ஒளிந்து வாழப் பார்க்கும் குடும்பம். சிம்ரனின் சகோதரனாக வரும் யோகி பாபு அவர்களுக்குச் சொல்கிற முதல் கட்டளை, உங்கள் தமிழை வெளியே விடாதீர்கள் என்பதுதான்.

தம்பி, உங்கள் சந்தேகத்துக்கு இங்கே பதில் சொல்கிறேன். எங்கள் தமிழைத் திரையில் கேட்டதும் மயங்கிப்போவோம் என்று நினைக்காதீர்கள். நடப்பது நேர்மாறு. காது கூராகிவிடும். தெனாலி காலத்தில் இருந்து இலங்கைத் தமிழ் பேசும் பாத்திரங்களை நாங்கள் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துப் பார்த்தே வந்திருக்கிறோம். இந்தப் படத்திலும் அவசரத்திலும் கோபத்திலும் வசனம் சறுக்கி இந்தியத் தமிழாகிவிடுகிற இடங்கள் உண்டு. இரண்டாம் தரம் கூடவந்த அம்மா முதல் பத்து நிமிடத்திலேயே “இவங்க யாழ்ப்பாணப் பக்கத்து ஆக்கள்” என்று சொல்லிவிட்டா. திருகோணமலைக்காரருக்கு அது தன் வீட்டுப் பேச்சும் இல்லை. ஆகவே, பேச்சுக்காக நான் மார்க் போட்டிருந்தால் இது முதலிடத்துக்கு வந்திராது.

கதைக்காகவும் இல்லை. சொல்லப்போனால் அங்கேதான் எனக்குப் பெரிய குறை. 2022 மார்ச்சில் மன்னார்ப் பக்கத்தில் இருந்து தனுஷ்கோடிக்குப் படகேறியவர்கள் எதனால் ஏறினார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. பெற்றோலுக்கு இரண்டு நாள் வரிசை, எரிவாயு இல்லை, பால்மா இல்லை. ஒரு குடும்பம் இரண்டு பிள்ளைகளை இருட்டில் படகில் ஏற்றுவதற்கு முந்தைய இரவு அந்த வீட்டில் என்ன கதைத்திருப்பார்கள்? படம் அதை இரண்டொரு வரியில் தாண்டிவிடுகிறது. கரையில் பிடிக்கிற பொலிஸ்காரரே மனமிரங்கி விட்டுவிடுகிறார். உண்மையில் அப்படிப் போனவர்கள் முகாமுக்குத்தான் போனார்கள். படத்தின் இரக்கம் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பக்கம் சாய்ந்தவன்தான்.

இளைய மகனின் பெயர் முள்ளி. மே மாதம், ஊரில் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் கிழமைக்கு முந்திய கிழமை, அந்தப் பெயரைத் தியேட்டரில் கேட்டால் எங்களுக்கு என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. படமும் விளக்கவில்லை. அந்தப் பொடியன் அவ்வளவு சுட்டி, அவன் வாய் திறந்தாலே சிரிப்பு. அந்தப் பெயரை ஒரு சிரிக்கிற பிள்ளைக்கு வைத்ததற்காக அந்த இளம் டைரக்டரை நான் மதிக்கிறேன்.

சிம்ரனைப் பார்த்தபோது வேறு ஒன்றும் நினைவு வந்தது. 2002இல் வந்த கன்னத்தில் முத்தமிட்டால் படத்தில், இலங்கைத் தாய் ஒருத்தி ராமேஸ்வரத்தில் பெற்றுவிட்டுப் போன பிள்ளையைச் சென்னையில் வளர்க்கும் தாயாக, அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடல் கடந்து இந்தப் பக்கம் வருவார். இருபத்து மூன்று வருடம் கழித்து, தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் போகிற தாயாக நடிக்கிறார். முதல் படத்தைப் பார்த்தபோது எனக்குத் திருமணமாகவில்லை.

சரி, பேச்சும் இல்லை, கதையும் இல்லை என்றால் எதற்கு முதலிடம்? செத்த வீட்டுக் காட்சிக்கு.

அந்தக் குடியிருப்பில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. குமரவேலும் ஸ்ரீஜா ரவியும் வயதான கணவன் மனைவியாக அங்கே இருக்கிறார்கள். மனைவி செத்துப்போகிறார். கிழவர் தனித்து நிற்கிறார். ஒளிந்திருக்க வேண்டிய குடும்பம், யார் கண்ணிலும் படக் கூடாத குடும்பம், அந்த வீட்டுக்குள் போய்க் காரியங்களை எடுத்து நடத்தத் தொடங்குகிறது. ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அயலில் ஒரு சாவு விழுந்தால் வீட்டுக்குள் இருக்க அவர்களுக்குத் தெரியாது. பிறகு மெல்ல மெல்ல மற்றக் கதவுகளும் திறக்கின்றன.

எங்கள் தமிழில் அயலட்டை என்று ஒரு சொல் இருக்கிறது. பக்கத்து வீடு, பின் வீடு, ஒழுங்கை முனை வீடு எல்லாம் அதற்குள் அடங்கும். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, அயலட்டைதான் தேத்தண்ணி ஊற்றும், கதிரை இரவல் வாங்கும், பறை மேளக்காரருக்குச் சொல்லி அனுப்பும். யாரும் யாரையும் கேட்பதில்லை. யுத்த காலத்தில் எத்தனையோ தரம் இடம்பெயர்ந்து, போன இடத்தில் எல்லாம் நாங்கள் முதலில் கட்டிக்கொண்டது இதைத்தான். அந்தக் குடும்பம் எங்கட ஆக்கள் என்று நான் நம்பியது அவர்கள் “ஓம்” என்று சொன்னபோது அல்ல. அந்தக் கிழவரின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எதுவும் கேட்காமல் உள்ளே போனபோது. பேச்சை மறைக்கச் சொன்னால் முயன்றாவது பார்க்கலாம், இதை மறைக்க முடியவில்லை. படம் இதை வசனமாகச் சொல்லவில்லை; சசிகுமாரின் நடையிலும் கையிலும் வைத்திருக்கிறது. கடைசியில் தெரு முழுவதும் அவர்களோடு நிற்கும்போது அது திடீரென்று வந்த வீரமாகத் தெரியாமல், அந்தச் செத்த வீட்டில் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது போலத் தெரிவதும் இதனால்தான். ஷான் ரோல்டனின் இசையும் தேவைப்பட்ட இடத்தில் ஒதுங்கி நிற்கிறது.

ரெட்ரோவில் தீவுச் சனம் பெயரில்லாமல் நின்றது, தொடரும் படத்தில் ஒருவர் கார்க் கதவைச் சாத்துவது, மாமனில் வெற்றிலை நேரம் இல்லாமற்போனது, இவை எல்லாவற்றையும் நான் பார்த்தது ஒரே கண்ணால்தான்: எடுத்தவருக்கு அந்த மனிதர்களின் புழக்கம் தெரிந்திருக்கிறதா? டூரிஸ்ட் ஃபேமிலி வேறு நாட்டுக் குடும்பத்தைப் பற்றிய படமாக இருந்தாலும், அந்தச் செத்த வீடு இதே மாதிரி எடுக்கப்பட்டிருந்தால் எனக்கு அதுதான் முதல். எங்கட ஆக்கள் என்பதால் எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது குறைகளைக் கண்டுபிடிக்கும் வசதி.

அடுத்த கிழமை அம்மாவைக் கூட்டிப்போனேன். அவ தியேட்டருக்குள் காலெடுத்து வைத்துப் பல வருடம். இடைவேளையில் கச்சான் கடலைச் சுருள் ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்தேன், படம் முடியும் வரை அதைப் பிரிக்கவில்லை. வெளியே வந்து ஓட்டோவில் ஏறியதும் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டியபோது, தெருவைக் கடந்துகொண்டிருந்த இரண்டு மான்களுக்காக ஓட்டோ நின்றது. அப்போது கேட்டா: “மூலை வீட்டு ஐயாட மனிசி செத்து எத்தனை நாளாச்சு?” முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து இரண்டு கிழமை என்றேன். “நான் ஒருக்காத்தானே போனேன்” என்றா.

மறுநாள் காலை எழும்பிப் பார்த்தால் அம்மா வீட்டில் இல்லை. தேத்தண்ணிப் போத்தலும் இல்லை.